பம்பைப் பிரிக்கும்போது உளியைத் தொடாதீர்கள்

மோட்டார் சப்ளையைத் துண்டித்துப் பூட்டுப் போட்டாச்சா? சக்ஷன் (தண்ணீர் உள்ளே வரும்), டெலிவரி (வெளியே போகும்) வால்வுகளை மூடி, டிரெயின் பிளக்கைத் திறந்து கேசிங்கை, அதாவது பம்பின் வெளிக்கூட்டை, காலி செய்யுங்கள். ஸ்பேசர் கப்ளிங் (மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே, தனியாகக் கழற்றக்கூடிய துண்டு வைத்த இணைப்பு) உள்ள பேக் புல்-அவுட் பம்ப் (உள்பாகங்களைப் பின்பக்கமாக இழுத்தெடுக்கும் வகை) என்றால் மோட்டாரை நகர்த்தவே வேண்டாம். ஸ்பேசரையும் கேசிங் கவர் போல்ட்டுகளையும் கழற்றினால் பேரிங் ஹவுசிங், ஷாஃப்ட், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) மூன்றும் ஒரே கட்டாகப் பின்னால் வந்துவிடும்.

கவர் பிடித்துக்கொண்டால் உளி வைத்து நெம்பாதீர்கள். கேஸ்கட் உட்காரும் முகத்தில் ஒரு கீறல் போதும், பிறகு அங்கேதான் ஒழுகும். கவரைத் தள்ளிப் பிரிப்பதற்கென்றே உள்ள ஜாக்கிங் போல்ட்டுகளை மாறி மாறி, கால் கால் சுற்றாகத் திருகுங்கள். இம்பெல்லர் நட் இடது மரையாகவும் இருக்கலாம், மேனுவலைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஷாஃப்ட் வழியே தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் முகத்தில் விரல் படவே கூடாது.

இம்பெல்லர் இதழ்களில், தண்ணீர் நுழையும் பக்கம், கறையான் அரித்தது போலக் குழிகள் தெரிந்தால் பெரும்பாலும் கேவிடேஷன்தான், அதாவது தண்ணீரில் உண்டாகும் ஆவிக் குமிழிகள் உடைந்து உலோகத்தை அரிப்பது. சக்ஷன் பக்க ஸ்டிரெய்னர் (வடிகட்டி) அடைபட்டாலும் இது வரும்; அதைச் சுத்தம் செய்யாமல் புது இம்பெல்லர் போட்டால் அந்த இம்பெல்லரையும் அரித்துவிடும்.