தோள்பட்டை அறுவைக்கு முந்தைய நூறு நாட்கள்

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு நாள் காலை, தலைவாரிப் பின்னலிட வலக்கையைத் தூக்கியபோது அது காதுக்கு மேல் ஏறவில்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல்தான் இருந்தது. வயதானால் வருவதுதானே என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தைக் கடத்தியிருந்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், நம் ஊரில் எல்லோரும் சொல்வதுபோல, 'ஜவ்வு' கிழிந்திருந்தது. அறிக்கையில் சுப்ராஸ்பைனேட்டஸ் என்று எழுதியிருந்தார்கள். தோள்மூட்டை அணைத்துப் பிடித்திருக்கும் நான்கு தசைகளில் மேற்புறமாக ஓடி, கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் தசை அது. நான்கில் அதிகமாகக் கிழிவதும், எலும்போடு அதை இணைக்கும் நாண்தான்.

எனக்கு வயது 57. சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. தைராய்டு குறைபாட்டுக்கு அதற்கும் முன்பிருந்தே மாத்திரை எடுத்து வருகிறேன். மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆயின. இந்த மூன்றுக்கும் என் தோளுக்கும் தொடர்பு உண்டென்று அதுவரை எவரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

முதலில் சென்ற மருத்துவமனையில் வலி குறைய மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு, அடுத்த மாதமே அறுவைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 140 என்றதும் அது போதும் என்றார்கள். ஆனால் அந்த ஊசிக்குப் பின் ஐந்து நாட்கள் என் சர்க்கரை அளவு 300-ஐத் தாண்டியே நின்றது. மூட்டில் போடும் ஸ்டீராய்டு இரத்தத்திலும் கலக்கும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் அளவு எகிறும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்திதான். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அத்தனை பதறியிருக்க மாட்டேன். அந்தப் பதற்றம்தான் என்னை இன்னொரு மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு என்று கேட்டார். சோதனையில் 9.1 என்று வந்தது. அன்றைய வெறும் வயிற்று அளவு அன்றைய நிலையை மட்டுமே காட்டும். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்வதால், அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் இந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கதையைச் சொல்லிவிடும். ஊசி போட்டு இரண்டு வாரமே ஆகியிருந்ததால், கிருமித்தொற்று அபாயத்தைக் கருதியே சில வாரங்களாவது பொறுக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதற்கு மேல் அவர் விளக்கியதைத்தான் இங்கே முக்கியமாகப் பதிந்துவைக்க விரும்புகிறேன்.

கிழிந்த நாணை எலும்பில் நங்கூரம் போன்ற சிறு திருகுகளைப் பதித்து நூலால் கட்டிவிடுவது ஓரிரு மணி நேர வேலை. அந்த நூல் நாணை இழுத்துப் பிடித்துத்தான் வைக்கும். எலும்போடு ஒட்டவைப்பது உடலின் வேலை, அதற்கு மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகும். பிறவியில் நாணும் எலும்பும் சேரும் இடத்தில், மென்மையான நாண் குருத்தெலும்பு வழியாகப் படிப்படியாகக் கடினமாகி எலும்பாக மாறும் நான்கு அடுக்குகள் உண்டு. அறுவைக்குப் பின் அந்த அமைப்பு அப்படியே திரும்புவதில்லை. வடுத்திசுவே இடத்தை நிரப்புகிறது. சர்க்கரை நீண்டகாலம் மிகுந்திருக்கும் உடலில், நாணை உருவாக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளோடு சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. நாண் விறைத்துப் போகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைவான இடத்தில் ஆறும் ஆற்றல் இதனால் இன்னும் குன்றுகிறது. நீரிழிவாளர்களுக்குத் தோள் இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர் மற்றவர்களைவிட அதிகம் வருவதற்கும் இந்த விறைப்பு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில், 2015-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. நுண்துளை வழியே தைத்த தோள்களில், நாண் மீண்டும் கிழிந்தது சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 14.4 விழுக்காடு, நோய் உள்ளவர்களில் 35.9 விழுக்காடு. அந்த நோயாளிகளுக்குள்ளேயே எச்.பி.ஏ.1.சி. 7-க்குக் கீழே இருந்தவர்களில் 25.9, அதற்கு மேல் இருந்தவர்களில் 43.2. சிறிய ஆய்வுதான், நோயாளிகள் 64 பேர்தான். ஆனாலும் 9.1 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்த எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆரின் ஆய்வு 2023-இல் சொன்னது. அவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே அறுவை மேசையில் படுக்கிறார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது.

தைராய்டு விஷயத்தில் தவறு என்னுடையது. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு 11-க்கு மேல் இருந்தது. மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லையே என்று வாதாடினேன். எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார்: எழுந்ததும் காபியோடு, கூடவே கால்சியம் மாத்திரையும். காபி அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி, நான்கு மணி நேரமாவது கழித்துக் கால்சியம் என்று மாற்றியதில், மருந்தின் அளவைக் கூட்டாமலே எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 4-க்கு வந்தது. நாணின் செல்களிலும் தைராய்டு ஹார்மோனுக்கான ஏற்பிகள் உண்டு என்பதையும், தைராய்டு குறைவுள்ளவர்களிடம் தோள் இறுக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் எலும்பு அடர்த்தி இழப்பது பெண்கள் பலரும் அறிந்ததே. அடர்த்தி குறைந்த எலும்பில் திருகு உறுதியாகப் பிடிக்காது என்பதால் எலும்பு அடர்த்திச் சோதனையும் செய்தார்கள். சற்றுக் குறைவுதான், அபாயகரமாக இல்லை. வைட்டமின் டி 14 இருந்தது, அதற்கு வாரமொரு மாத்திரை. அதனால் நாண் விரைவில் ஒட்டுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை என்றும், எலும்புக்கும் தசைக்கும் அது தேவை என்பதால் கொடுப்பதாகவும் மருத்துவர் நேர்மையாகவே சொன்னார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். என் நாண் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து கிழிந்தது என்பதால் காத்திருக்க முடிந்தது. விழுந்தோ விபத்திலோ திடீரென முழுதாகக் கிழிந்தவர்கள் இப்படித் தள்ளிப்போடக் கூடாது; நாண் உள்ளே சுருங்கி, தசையில் கொழுப்பு படிந்துவிட்டால் பிறகு தைப்பதே கடினமாகிவிடும்.

அந்த நூறு நாட்களில் இரவில் இன்சுலின் போட்டுக்கொண்டேன், சோற்றைக் குறைத்துச் சுண்டல், பாசிப்பயறு, முட்டை, தயிர் என்று புரதத்தைக் கூட்டினேன், மாலையில் நடந்தேன். எச்.பி.ஏ.1.சி. 7.2-க்கு இறங்கியதும் நாள் குறித்தார்கள். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். பட்டினியோடு அந்த மருந்தும் சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகம் உயராமலே இரத்தம் அமிலமாகிவிடக்கூடுமாம்.

அறுவை முடிந்த மறுநாள், ஒரு கவளம் உண்ணாத நிலையிலும் சர்க்கரை 240 காட்டியது. வலியும் உறக்கமின்மையும் கார்ட்டிசோலையும் அட்ரினலினையும் சுரக்கவைக்கும், அவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கிவிடும் என்று செவிலியர் விளக்கினார். வலி மாத்திரையைப் பொறுத்துக்கொண்டு தவிர்ப்பது வீரம் என்று நினைத்திருந்த நான் அன்றே அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். ஆறு வாரம் கையைப் பட்டையில் தொங்கவிட்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் தம் கையால் மட்டும் என் கையை அசைத்தார். பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகே எடை தூக்கும் பயிற்சி தொடங்கியது.

ஆறாம் மாத அல்ட்ராசவுண்ட் படத்தில் நாண் எலும்போடு ஒட்டியிருந்தது. பின்னல் இட முடிகிறது. முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவது மட்டும் இன்னும் பாதி தூரம்தான். இடத்தோளிலும் பாதி ஆழத்துக்குக் கிழிசல் இருப்பதாகச் சென்ற மாதம் தெரிந்தது. இப்போதைக்கு அறுவை வேண்டாம், பயிற்சி போதும் என்றிருக்கிறார் மருத்துவர். அடுத்த எச்.பி.ஏ.1.சி., டி.எஸ்.எச். சோதனைகளுக்கான தேதியை நாட்காட்டியில் நானே வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.