ஓடும் பிராசஸின் மெமரி பாலிசியை வெளியிலிருந்து மாற்றுவது: காட்பாடி சர்வரில் செய்து பார்த்தது

காட்பாடியில் ஒரு ஆய்வுக்கூடத்து சர்வர். இரண்டு சாக்கெட், ஒவ்வொன்றிலும் 20 கோர், 128 ஜிபி ராம். லினக்ஸ் கெர்னல் 6.1, சிகுரூப் (பிராசஸ்களைக் குழுவாக்கி எல்லை வைக்கும் கெர்னல் வசதி) வி2. ஒவ்வொரு சாக்கெட்டும் அதோடு நேரடியாக இணைந்த ராமும் சேர்ந்தது ஒரு நோடு: நோடு 0, நோடு 1. எந்த நோடிலிருந்து மெமரி ஒதுக்குவது என்ற விதிதான் மெமரி பாலிசி. அதில் ஒன்பது நாள் ஓடவேண்டிய ஒரு கணக்கு ஆறாம் நாளில் இருந்தது. செக்பாயின்ட் (நடுவில் சேமித்துவைத்த நிலை) கிடையாது, அதனால் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பலாம் என்ற பேச்சே இல்லை.

சிக்கல் இதுதான். கணக்கைக் கிளப்பியவர் நியூமாசிடிஎல்லில் (பாலிசி வைத்துப் பிராசஸைக் கிளப்பும் கட்டளை) மெம்பைன்ட் 0, அதாவது நோடு 0-இல் மட்டும் ஒதுக்கு, என்று கொடுத்திருந்தார். பிறகு வந்த வேலைகள் நோடு 0-ஐ நிரப்பிவிட்டன. நோடு 1-இல் 90 ஜிபி சும்மா கிடக்கிறது, இந்தப் பிராசஸோ ஸ்வாப்பில் (ராமுக்குப் பதில் டிஸ்க்கில்) தள்ளாடுகிறது. பக்கத்து இலையில் சோறு மிஞ்சியிருந்தாலும் பைன்ட் பாலிசி கைநீட்ட விடாது. இன்னும் இறுகினால் ஓஓஎம் (மெமரி தீர்ந்தால் பிராசஸைக் கொல்லும் கெர்னல் ஏற்பாடு) வந்து பிராசஸையே கொன்றுவிடும். அப்படிக் கொன்றால் டிமெசேஜ் (கெர்னல் செய்திகள்) பதிவில் காரணம் ‘கன்ஸ்ட்ரெய்ன்ட் மெமரி பாலிசி’ என்று வரும். மொத்த மெமரியில் பாதி காலியாக இருக்க ஓஓஎம் ஏன் என்று குழம்புகிறவர்கள் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

முதலில் எல்லோரும் எடுப்பது மைக்ரேட்பேஜஸ் கட்டளை. நியூமாசிடிஎல் தொகுப்போடு வருவது. பிராசஸ் எண், எந்த நோடிலிருந்து, எந்த நோடுக்கு என்று மூன்றே விவரம். பிராசஸின் 60 ஜிபி, அதாவது 4 கேபி பேஜாக (கெர்னல் மெமரியைக் கையாளும் துண்டு) பார்த்தால் 1,57,28,640 பேஜ், ஒவ்வொன்றாக நகரும். சேருமிடத்தில் அவ்வளவு காலி இடம் இருக்கவேண்டும். முடிந்தபின் நியூமாஸ்டாட்டை மைனஸ் பி போட்டுப் பார்த்தால் எல்லாம் நோடு 1-இல் இருக்கும். ஆனால் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், நோடு 0 எண்ணிக்கை மெல்ல ஏறும்.

காரணம், அது பேஜை நகர்த்தியதே தவிர பாலிசியைத் தொடவில்லை. வேலூர்க்காரர்களுக்கு லாட்ஜை வைத்துச் சொன்னால் விளங்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் காந்தி ரோட்டில் ஒரு கட்டிடத்தில் தங்கியிருக்கிறார்கள். அவர்களை மூட்டை முடிச்சோடு அடுத்த கட்டிடத்துக்கு மாற்றலாம். ஆனால் கவுன்டரில் இருப்பவரிடம் ‘இனி வருபவர்களுக்கு அங்கே சாவி கொடு’ என்று சொல்லாவிட்டால் அடுத்து வருபவர் பழைய கட்டிடத்துக்கே போவார். பாலிசி என்பது கவுன்டருக்குக் கொடுத்த உத்தரவு, பேஜ் ஒதுக்கும் கணத்தில் மட்டும் செல்லுபடியாகும். ஸ்வாப்பில் கிடந்த பேஜுகள் இன்னும் மோசம். மைக்ரேட்பேஜஸ் அவற்றை எண்ணுவதே இல்லை. திரும்பி உள்ளே வரும்போது பழைய உத்தரவின்படி நோடு 0-இல்தான் இறங்கும். எங்கள் பிராசஸில் ஏறிய எண்ணிக்கையில் பெரும்பங்கு இதுதான்.

சரி, அந்த உத்தரவையே மாற்றலாமா? செட் மெம்பாலிசி என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு), அழைத்த த்ரெட்டுக்கு (பிராசஸுக்குள் ஓடும் ஓர் இழை) மட்டும் வேலை செய்யும். மெமரியின் ஒரு பகுதிக்கு மட்டும் பாலிசி வைக்கும் எம்பைன்டும் தன் சொந்த முகவரி வெளிக்கு மட்டுமே. இன்னொரு பிராசஸின் எண்ணைக் கொடுக்க இரண்டிலும் இடமில்லை. 2022-இல் பிட்எஃப்டி செட் மெம்பாலிசி என்ற பெயரில் அதற்கு ஒரு பேட்ச் வந்தது, மெயின்லைனில் (அதிகாரபூர்வ கெர்னலில்) சேரவில்லை. தடையும் நியாயமானது: ஒவ்வொரு பேஜ் ஒதுக்கலிலும் கெர்னல் தன் த்ரெட்டின் பாலிசியைப் பூட்டு எதுவும் போடாமல் படிக்கிறது. வேறொருவர் நடுவில் அதை மாற்றலாம் என்றாகிவிட்டால் அந்த வேகமான பாதையில் எண்ணிக்கைக் கணக்கோ பூட்டோ வைக்கவேண்டும், அதன் செலவு எல்லோர் தலையிலும் விழும்.

ஜிடிபி டீபக்கரை ஒட்டி, பிராசஸுக்குள்ளிருந்தே சிஸ்டம் காலை அழைக்க வைப்பது ஒரு குறுக்குவழி. எக்ஸ்86-64-இல் செட் மெம்பாலிசியின் எண் 238, பைன்டுக்கு மோட் 2. நோடு மாஸ்க் (எந்தெந்த நோடு என்று சொல்லும் பிட்டுகள்) 64 பிட் என்றால் மேக்ஸ்நோட் 65 கொடுங்கள், கெர்னல் அதில் ஒன்றைக் கழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு த்ரெட்டிலும் தனித்தனியாக அழைக்கவேண்டும், ஒன்றை விட்டால் அது பழையபடியே ஒதுக்கும். எம்பைன்ட் போட்ட பகுதிகள் இதற்கு மசியாது. ஒட்டும் நேரத்தில் பிராசஸ் முழுக்க உறைந்து நிற்கும். சோதனை மெஷினில் செய்து பார்த்தோம், வேலை செய்தது. ஆறு நாள் ஓடிய கணக்கின் மேல் கைவைக்கத் துணிச்சல் வரவில்லை. டாக்கர் கன்டெய்னருக்குள் இருக்கும் பிராசஸ் என்றால் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. அதன் வழக்கமான செக்காம்ப் (சிஸ்டம் கால் வடிகட்டி) பட்டியல், சிஸ் நைஸ் உரிமை இல்லாத கன்டெய்னரில் செட் மெம்பாலிசியையும் எம்பைன்டையும் மறுத்துவிடும்.

உருப்படியான வாசல் சிபியூசெட்: ஒரு சிகுரூப் எந்தக் கோர்களை, எந்த நோடுகளைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்துவது. இதை வெளியிலிருந்து மாற்றினால், உள்ளே இருக்கும் எல்லா த்ரெட்டின் பாலிசியையும், எம்பைன்ட் பகுதிகளையும் சேர்த்து, கெர்னலே புது நோடுக்குப் பெயர்த்து எழுதுகிறது. வி2-இல் பேஜுகளையும் அதுவே நகர்த்தும். வி1-இல் மெமரி மைக்ரேட் கோப்பில் 1 எழுதியிருந்தால்தான் நகரும்.

ரூட்டாகச் செய்தது: சிஸ் எஃப்எஸ் சிகுரூப்பில் சப்ட்ரீ கன்ட்ரோலில் பிளஸ் சிபியூசெட் எழுதி, ஒரு புதுக் கோப்புறை. அதில் சிபியூசெட் மெம்ஸுக்கு முதலில் 0-1 கொடுத்து, பிராசஸ் எண்ணை சிகுரூப் ப்ராக்ஸில் எழுதினோம். பிறகுதான் மெம்ஸை 1 ஆக்கினோம். அந்த எக்கோ உடனே திரும்பாது, பேஜுகள் நகர்ந்து முடியும்வரை டெர்மினல் நிற்கும். தொங்கிவிட்டது என்று கன்ட்ரோல் சி அடிக்காதீர்கள். கையோடு சிபியூசெட் சிபியூஸையும் நோடு 1-இன் கோர்களுக்கு மாற்றவேண்டும். எல்எஸ்சிபியூ எங்களுக்கு 20-39, 60-79 என்று காட்டியது. இதை மறந்தால் மெமரி ஒரு சாக்கெட்டில், கணக்கு இன்னொரு சாக்கெட்டில். நியூமாசிடிஎல் மைனஸ் எச் காட்டும் தூரம் 10 இருக்கவேண்டிய இடத்தில் 21.

சிஸ்டம்டி யூனிட்டாக (சர்வீஸாக) ஓடுவது என்றால் கோப்புறை உருவாக்கும் வேலையே வேண்டாம். சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராப்பர்ட்டியில் அலவ்டு மெமரி நோட்ஸ் 1, அலவ்டு சிபியூஸ் இவ்வளவு, கூடவே ரன்டைம் என்று கொடுத்தால் போதும்.

சரிபார்க்க, ப்ராக்கில் அந்தப் பிராசஸின் நியூமா மேப்ஸ் கோப்பு. முன்பு ஒவ்வொரு வரியிலும் ‘பைன்ட்:0’ என்று இருந்தது ‘பைன்ட்:1’ ஆகியிருந்தது, என்0 எண்கள் கரைந்து என்1 பெருத்திருந்தது. ஸ்வாப்பிலிருந்து வந்தவையும் இப்போது நோடு 1-இலேயே இறங்கின. நகராமல் கொஞ்சம் மிஞ்சும், அதைத் துரத்த வேண்டாம்: ஆர்டிஎம்ஏ (நெட்வொர்க் கார்டு நேராக மெமரியைத் தொடும் முறை) போன்றவை பிடித்துவைத்த பேஜ் அசையாது, பேஜ் டேபிள் உள்ளிட்ட கெர்னலின் சொந்த மெமரியும் அசையாது. ஹியூஜ்பேஜ் (பெரிய அளவு பேஜ்) ஒதுக்கி ஓடும் பிராசஸ் என்றால், போகும் நோடில் அதே அளவு 2 எம்பி ஹியூஜ்பேஜ் காலியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஒரு பொறி உண்டு, இதில் நாங்களும் ஒருமுறை விழுந்தோம். நோடு 0-இல் நெருக்கடி தீர்ந்ததும், இனி தாராளமாக இருக்கட்டும் என்று மெம்ஸை மறுபடி 0-1 ஆக்கினோம். நியூமா மேப்ஸைப் பார்த்தால் ‘பைன்ட்:0’! கெர்னல் பெயர்ப்பது நோடு எண்ணை வைத்து அல்ல, வரிசையை வைத்து: பழைய பட்டியலில் முதலாவது, புதிய பட்டியலிலும் முதலாவது. 1 மட்டும் உள்ள பட்டியலின் முதலாவது 1, 0-1 பட்டியலின் முதலாவது 0. நகர்ந்த பேஜுகள் நோடு 1-லேயே இருந்தன, புதியவை மட்டும் நோடு 0-இல் விழ ஆரம்பித்தன. இன்டர்லீவ் 0-1 (இரண்டு நோடிலும் மாறி மாறி ஒதுக்குவது) என்று ஓடும் பிராசஸுக்கும் இதே கதிதான்: சுருக்கினால் 1 மட்டும், விரித்தால் 0 மட்டும், பழைய இரண்டு நோடு திரும்பி வராது. ஸ்டாட்டிக் நோட்ஸ் கொடியோடு (ஃபிளாக்) பாலிசி வைத்திருந்தால் மட்டும் கெர்னல் அசல் பட்டியலை நினைவில் வைத்திருக்கும். ஆனால் அந்தக் கொடியோடு பைன்ட் 0 போட்டிருந்தால், சிபியூசெட்டை 1 ஆக்கும்போது இரண்டுக்கும் பொதுவான நோடு இல்லாமல் போய், கெர்னல் சிபியூசெட்டின் நோடையே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே மெம்ஸை மறுபடி 1 ஆக்கி, கணக்கு முடியும்வரை அப்படியே விட்டோம். அடுத்த கணக்கைக் கிளப்பும்போது மெம்பைன்டுக்குப் பதில் ப்ரிஃபர்டு போடச் சொல்லியிருக்கிறோம். அது நோடு நிரம்பினால் அடுத்ததைத் தேடிக்கொள்ளும்.