விடியற்காலை மாத்திரையும் ஆய்வகத்தில் வளரும் தைராய்டும்

கட்டிகளுக்காக என் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக அகற்றி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் தினமும் எழுந்தவுடன் வெறும் வயிற்றில், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்ஸின் மாத்திரை ஒன்று. அதன்பின் அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. நான் நடமாடுவதே அதனால்தான் என்பதால் அதைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனாலும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் டிஎஸ்ஹெச் என்ற தூண்டு ஹார்மோன் கூடினால் கூட்டியும் குறைந்தால் குறைத்தும் சுரந்துகொண்டிருந்த அந்தச் சுரப்பியின் வேலையை, இப்போது ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து மருத்துவர் செய்ய வேண்டியிருக்கிறது. எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து தைராய்டை வளர்க்கும் ஆய்வுகளை நான் விடாமல் படிப்பது இதனால்தான்.

2012-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆய்வாளர் சபீன் கோஸ்தாக்லியோலாவின் குழுவினர், எலியின் கரு ஸ்டெம் செல்களில் என்கேஎக்ஸ்2-1, பாக்ஸ்8 என்னும் இரண்டு மரபணுக்களைச் சில நாட்களுக்கு மட்டும் இயக்கி, பின்னர் டிஎஸ்ஹெச் சேர்த்து வளர்த்தார்கள். அடுத்து நடந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஜெல்லுக்குள் இருந்த செல்கள், யாரும் அடுக்கி வைக்காமலேயே, நடுவில் இடம் விட்டு வட்டமாகச் சூழ்ந்துகொண்டன. நம் கழுத்துச் சுரப்பியின் நுண்ணறைகளும் இப்படித்தான் இருக்கும்: சுற்றிலும் ஒற்றை வரிசையாகச் செல்கள், உள்ளே தைரோகுளோபுலின் நிறைந்த கூழ், அந்தப் புரதத்தில் அயோடின் சேர்ந்து உருவாகும் ஹார்மோன். கதிரியக்க அயோடினால் தைராய்டை இழந்த எலிகளின் சிறுநீரக உறைக்கு அடியில் இவற்றைப் பதித்தபோது, ரத்தத்தில் தைராக்ஸின் மீண்டது. ஹார்மோன் ரத்தத்தில் கலந்தால் போதும் என்பதால், சுரப்பி கழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

2022-இல் அதே குழு மனிதக் கரு ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த திசுவும் எலிகளில் வேலை செய்தது. மனித உடலுக்கு வருவதற்கு முன் கடினமான கேள்விகள் இருக்கின்றன. முதிராத செல் ஒன்று தங்கிவிட்டால் அது கட்டியாகலாம். பிறருடைய செல் என்றால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிவரும். ஒரு சிறு மாத்திரையைத் தவிர்க்க அவ்வளவு பெரிய விலை கொடுக்க நான் ஒப்பமாட்டேன். சொந்தத் தோல் அல்லது ரத்தச் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி வளர்ப்பதே எனக்குச் சரியான வழியாகத் தெரிகிறது. ஹாஷிமோட்டோ நோயாளிகளுக்கு அதுவும் போதாது. சொந்தத் தைராய்டையே தாக்கும் உடல் புதியதையும் தாக்கக்கூடும்.

இந்தச் சிகிச்சைக்கு வரிசை ஒன்று இருந்தால், தைராய்டு இல்லாமலே பிறக்கும் குழந்தைகளை எனக்கு முன்னே நிறுத்துவேன். அவர்கள் வளர வளர மாத்திரையின் அளவையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.