30க்கு 28 வாங்கிய அப்பா

அப்பாவுக்கு பார்க்கின்சன் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. கை நடுக்கம், மாத்திரை நேரம், பிசியோ எல்லாம் பழகிவிட்டது. பெரிய பாடாக இருந்தது, அவர் யோசிக்கும் விதம் மாறியிருக்கிறது என்று டாக்டர்களை நம்ப வைப்பதுதான்.

அப்பாவுக்கு மளிகைக் கடை. மறதி என்று சொல்ல முடியாது; யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார். ஆனால் பருப்பு நிறுக்கும்போது இன்னொருவர், "அண்ணாச்சி, சீனி என்ன விலை?" என்று கேட்டால் போதும், தராசுத் தட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுவார். கொள்முதல் பட்டியல் போட உட்கார்ந்தால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவைத் திருகிக்கொண்டே இருப்பார்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் சைக்காலஜிஸ்ட் தினமும் இருப்பார் என்று போனில் சொன்னார்கள். போனால், செவ்வாயும் வெள்ளியும்தான் வருவாராம். "யார் சொன்னது உங்களுக்கு?" என்று கவுண்டரில் என்னையே கேட்டார்கள். ஒரு நாள் பிழைப்பு போனது.

மறுபடி போனபோது டோக்கன் போட்டு, காத்திருந்தே மாத்திரை வேகம் இறங்கிவிட்டது. கை உதற உதற உட்கார்ந்திருந்தார். (இப்போதெல்லாம் டெஸ்டுக்குப் போகும்போது மாத்திரை, தண்ணீர், படிக்கிற கண்ணாடி மூன்றும் பையில் இருக்கும்.) தேதி, ஊர் கேட்டார்கள். 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். கடைக்காரரிடம் போய் கழித்தலா! 93, 86, 79 என்று மளமளவென்று சொன்னார். 30க்கு 28. "நார்மல்மா, வயசானா கொஞ்சம் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அது எம்எம்எஸ்இ என்ற சின்ன டெஸ்ட். பார்க்கின்சனில் பலருக்கு முதலில் அடிவாங்குவது திட்டமிடுதல், ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பார்ப்பது, யோசிக்கிற வேகம். இவற்றை அது பெரிதாகத் தொடுவதே இல்லை. மோகா என்று இன்னொன்று இருக்கிறது, தமிழிலும் உண்டு. அதையே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வேறொரு நரம்பியல் டாக்டரிடம் அதை எடுத்தோம். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கும் இடத்தில் அப்பா நின்றுவிட்டார். கடிகாரம் வரைந்தார், எண்களெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டன. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து வார்த்தைகளில் இரண்டுதான் திரும்பி வந்தன. ஆனால் "அது ஒரு நிறம்" என்று துப்பு கொடுத்ததும் சட்டென்று சொன்னார். விஷயம் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் சிரமம், ஆரம்ப பார்க்கின்சனில் இது அடிக்கடி பார்ப்பதுதான் என்றார் டாக்டர். பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள், அப்பா பத்தாவது. அதைச் சேர்த்தும் 30க்கு 22. 26க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டுமாம்.

அப்புறம்தான் டாக்டர் பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினார். நடுக்கத்துக்காக ஊர் டாக்டர் சேர்த்திருந்த ட்ரைஹெக்ஸிஃபெனிடிலைப் பார்த்ததும் முகம் மாறியது. நடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் வயதானவர்களுக்குக் கவனத்தையும் நினைவையும் மந்தமாக்குமாம். படிப்படியாகக் குறைத்தார். நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. பி12, தைராய்டு பார்த்தோம், சரியாக இருந்தது. தூக்கம், மனச்சோர்வு பற்றியும் அம்மாவிடம் தனியாகக் கேட்டார். அதை யாரும் அதுவரை கேட்டதில்லை.

அப்பா கொஞ்சம் தெளிந்திருக்கிறார், பழையபடி இல்லை. கடையில் ஒரு ஏற்பாடு: அவர் நிறுக்கும்போது யாரும் விலை கேட்கக் கூடாது, தம்பியிடம்தான் கேட்க வேண்டும். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், பழகிவிட்டார்கள். கொள்முதல் பட்டியலை அச்சடித்து வைத்துவிட்டோம். அளவை மட்டும் எழுதுகிறார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி மோகா. வேறு வார்த்தைகள் உள்ள படிவம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். இல்லையென்றால் அப்பா அந்த ஐந்தையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்விடுவார்.