வெளுத்துப்போன ஃபைபர் போட்: ஒரு வேலை நாட்குறிப்பு

மே 6, 2024

நாகப்பட்டினம் கடற்கரை. 28 அடி ஃபைபர் போட், 2005-இல் வார்த்தது. சுனாமிக்குப் பிறகு அவசரமாகக் கட்டிக் கொடுத்த படகுகளில் ஒன்று. கருநீலம் இப்போது சாம்பல் பூத்துக் கிடக்கிறது. விரலால் இழுத்தால் சுண்ணாம்புபோல் பொடி ஒட்டுகிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் போட் அந்த நாட்களிலும் தொழிலுக்குப் போகும். எஞ்சின் பழுதுக்காக இது கரையில் கிடக்கும் பத்து நாள்தான் கணக்கு.

இந்த நீலம் பெயிண்ட் இல்லை, ஜெல்கோட். நிறம் கலந்த பாலியஸ்டர் ரெசினை அச்சில் முதலில் பூசி, அதன்மேல் மேட் என்ற கண்ணாடியிழை விரிப்பை வைத்துப் படகை வார்க்கிறார்கள். ஒழுங்காகப் பூசியிருந்தால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். வெயில் மேல்தோலின் ரெசினை அரித்துவிடுகிறது, பிடிமானம் போன நிறத்தூள் மட்டும் மேலே நிற்கிறது. அந்தச் செத்த தோலை எடுத்தால் அடியில் பழைய நீலம் இருக்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் கையில் உப்புத்தாளை எடுக்கவே கூடாது.

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாயிற்று. நனைந்ததும் நீலம் திரும்பி, காய்ந்ததும் வெளுத்தால் அந்த இடம் மீளும். இரண்டு பக்கமும் மீளும். அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், முனையிலும், வலை இழுக்கும் பக்கத்து மேல் விளிம்பிலும் நனைந்த பிறகும் வெள்ளையாகவே இருக்கிறது. அங்கே ஜெல்கோட் தேய்ந்து முடிந்துவிட்டது. பழைய உடைசல் ஒன்றின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து லென்ஸில் பார்த்தால் நீலப்பட்டை ஏறக்குறைய 0.4 மி.மீ. நிற்கிறது. ஒரு தடவை முழுதாகத் தேய்க்கலாம், அதற்குமேல் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

மே 7

கழுவல். நல்ல தண்ணீரும் சோப்புத்தூளும், தேங்காய் நார். பல்லிடுக்கில் சிக்கிய துணுக்கு மாதிரி உப்பு விளிம்புகளில் உட்கார்ந்திருக்கும். அது போகாமல் தேய்த்தால் உப்புக்கல்லே கீறல் போடும். மூன்று தடவை அலசல்.

போல்ட்டுகளுக்குக் கீழே வழிந்த துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். பிரஷ்ஷால் பூசி 10 நிமிடம் காயவிடாமல் ஈரமாக வைத்து அலசினால் போதும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாசிக்காக பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அதை முழுதாகக் கழுவிய பிறகுதான் இது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

மே 8

மரத்தோணிக்குச் சுறா எண்ணெய் பூசிய பழக்கத்தில் ஃபைபருக்கும் எண்ணெயோ டீசலோ தேய்ப்பவர்கள் உண்டு. ஒரு வாரம் மினுக்கும், பிறகு தூசியைப் பிடித்துக் கருக்கும். அந்த எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், புதிய ஜெல்கோட்டும் ஒட்டாது. வெள்ளை பனியன் வேஸ்டில் அசிட்டோன் நனைத்து ஒரே திசையில் துடைத்து, உடனே காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. சோதனை எளிது: தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கக் கூடாது, பாயாகப் பரவ வேண்டும்.

அடுத்து, கண்ணில் படாத பின்பக்கத்தில் இரண்டடிச் சதுரம் சோதனை. முதலில் வெறும் பாலிஷ்: பலன் இல்லை. ரப்பிங் காம்பவுண்ட், அதாவது தேய்த்து மெருகேற்றும் பசை: பாதி வந்தது, மேகம் மாதிரி திட்டுகள் நின்றன. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 1000 எண் வாட்டர் பேப்பர் (எண் கூடக் கூடத் தாள் நைஸ்), பிறகு காம்பவுண்ட்: முழு நீலம் வந்தது. ஆகவே 1000-இல் தொடங்கினால் போதும். நேராக 400-இல் இறங்கினால் அந்தக் கீறலை எடுக்கவே மிச்சக் கனத்தில் பெரும்பங்கு போய்விடும். நீலம், சிவப்பு மாதிரி அடர்நிறங்களில் ஒவ்வொரு கீறலும் தெரியும். வெள்ளைப் படகு இவ்வளவு படுத்தாது.

மே 9

வெடிப்புகள். இடது பக்கத்தில் சிலந்திவலை மாதிரி இரண்டு. உள்ளிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பலகை நெளிந்தால் வெடிப்பை மட்டும் அடைத்துப் பயனில்லை, உள்ளே வங்கு என்ற குறுக்குச் சட்டம் சேர்த்து விறைப்பாக்காமல் அது திரும்ப வரும். இங்கே நெளிவு இல்லை, எதிலோ மோதிய அடிதான்.

வெடிப்பை V வடிவில் கீறித் திறந்து, அசிட்டோனால் துடைத்து, ஜெல்கோட் நிரப்பல். கார் பட்டி கூடாது, அது தண்ணீரை உறிஞ்சும். நிறம் பொருத்துவது நேற்றுப் பளபளப்பாக்கிய சோதனைச் சதுரத்தைப் பார்த்துத்தான். வெளுத்த இடத்தைப் பார்த்துக் கலந்தால் வேலை முடிந்ததும் ஒட்டுப்போட்ட மாதிரி வெளிறித் தெரியும். நிறப்பசை எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் இறுகாது.

ஒரு தடவைக்கு ஜெல்கோட் 40 கிராம், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 0.6 மி.லி., அதாவது 1.5 சதவீதம், ஊசிக்குழாயால் அளக்க வேண்டும். காலை 6 மணிக்கே கலக்கியாயிற்று. நண்பகல் வெயிலில் கையிலேயே இறுகிவிடும் என்று பயந்து கேட்டலிஸ்ட்டை ஒரு சதவீதத்துக்குக் கீழே குறைக்கிறார்கள். அப்படி இறுகியது மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே அரைகுறைதான், சீக்கிரமே வெளுக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரோடு அதை நேராகக் கலந்தால் வெடிக்கும். ஆக்ஸிலரேட்டர் முன்பே கலந்த ஜெல்கோட் வாங்குவதே நல்லது.

காற்றுப்படும் முகம் பிசுபிசுப்பாகவே நிற்கும், ஆகவே மேலே ஓ.எச்.பி. தாள் என்ற கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் காற்றை அடைத்தாயிற்று. சுருங்கும் என்பதால் ஒரு மயிரிழை மேடாகவே நிரப்ப வேண்டும்.

மே 10

ஒட்டுப்போட்ட இடங்களை மட்டும் மரக்கட்டையில் சுற்றிய 320, 600, 1000 தாள்களால் சமன் செய்தாயிற்று. வெறும் விரலால் தேய்த்தால் குழி விழும்.

மே 11, 12

வாட்டர் பேப்பர். 28 அடி நீளம், 3 அடி உயரம், இரண்டு பக்கம்: 168 சதுர அடி. இரண்டடிச் சதுரமாகப் பிரித்தால் 42 கட்டம். ஒரு தாளை நான்காக வெட்டிக் கட்டத்துக்கு ஒரு துண்டு என்றால் 1000-இல் 11 தாள், 1500-இல் 11 தாள். தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு.

ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் கோடு போட்டு, கோடு மறைந்ததும் நிறுத்த வேண்டும். 1000 குறுக்கே, 1500 நெடுக்கே. திசை மாற்றினால்தான் முந்தின கீறல் போயிற்றா என்று தெரியும். வழியும் தண்ணீர் நீலமாக வரும், அது இயல்புதான். அடியில் கண்ணாடியிழை நிழலாகத் தெரிய ஆரம்பித்தால் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும்.

விளிம்புகளிலும் பதிவு எண்ணின் மேலும் டேப். IND-TN என்று தொடங்கும் அந்த எண் பெயிண்டில் எழுதியது, மெருகேற்றும் மெஷின் பட்டால் அழியும்.

மே 13

காம்பவுண்ட். கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரி, நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் வேண்டாம். கட்டத்துக்கு 25 கிராம், மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். முதலில் மெஷினை ஓட்டாமலே பேடால் காம்பவுண்டைப் பரப்பிவிட்டால் சிதறாது. ஒரே இடத்தில் நின்றால் சூட்டில் ஜெல்கோட் கருகும். உள்ளங்கை வைத்தால் இளஞ்சூடு தாண்டக் கூடாது. இரண்டு கட்டத்துக்கு ஒரு தடவை பேடைக் கீறிச் சுத்தம் செய்ய வேண்டும், காய்ந்த கட்டிதான் சுழல் கீறல் போடுகிறது.

காலை 9 மணிக்கு நிறுத்தம். அதற்குமேல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பி மணலை வாரி அடிக்கிறது. ஈரக் காம்பவுண்டின்மேல் மணல் விழுந்த பிறகு மெஷினை வைத்தால் இரண்டு நாள் உழைப்பும் வீண். தார்ப்பாய் மறைப்பு கட்டியும் சாயங்காலம் 5 மணிக்குத்தான் மீண்டும் தொடங்க முடிந்தது.

மே 14

ஸ்பாஞ்ச் பேடில் ஃபைன் பாலிஷ், பிறகு முதல் வேக்ஸ். இந்த வேக்ஸ்தான் இனி வெயிலைத் தாங்கும் தோல். பூசாமல் விட்டால் திறந்த ஜெல்கோட் சில மாதத்திலேயே மீண்டும் பொடி விடும். மெல்லியதாகத் தடவி, மங்கியதும் துடைக்க வேண்டும். கனமாக அப்பினால் கூடுதல் பலன் இல்லை, துடைக்கத்தான் சிரமம். ஏரா என்ற அடிமுதுகுக்குப் பக்கத்து அடிப்பாகத்தில் வேக்ஸ் இல்லை. மணலில் இழுக்கும்போது ஒரே நாளில் போய்விடும்.

மே 15

24 மணி நேர இடைவெளியில் இரண்டாம் வேக்ஸ். பக்கவாட்டுப் பளபளப்பில் வலையின் மிதவைகள் கண்ணாடியில்போல் தெரிகின்றன.

அணிய முனையும் மேல் விளிம்பும் வேறு வேலை. அங்கே 120 தாளால் சொரசொரப்பாக்கி, நீல ஜெல்கோட் இரண்டு கோட். காற்றை அடைக்க இரண்டாவதில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்தாயிற்று. முதலிலேயே மெழுகு கலந்தால் அடுத்த கோட் உரிந்து வரும். வலை உரசும் விளிம்பில் பாதி அறுத்த ரப்பர் குழாய் கவிழ்த்துக் கட்டியிருக்கிறது. அடுத்த வேக்ஸ் ஆகஸ்டில், கழுவித் துடைத்த பிறகு. தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் அதற்கு முன்பே.