ஒரு முதியவர் பாடிய வரி

நேற்று ராத்திரி இங்கிலாந்து இசையமைப்பாளர் கவின் பிரையர்ஸைத் திரும்பக் கேட்டேன். தூக்கமே வரவில்லை.

1943இல் யார்க்‌ஷயரின் கூல் ஊரில் பிறந்தவர். ஷெஃபீல்டில் தத்துவம் படித்தார், ஜாஸில் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தார், அப்புறம்தான் இசையமைக்க வந்தார். டைட்டானிக் மூழ்கும்போதும் வாசித்துக்கொண்டிருந்த குழுவை வைத்து 1969இல் தொடங்கிய படைப்பு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

எனக்கு உயிர் இன்னொன்று. 1971இல், லண்டனில் வீடற்றவர்களைப் பற்றிய ஒரு படத்துக்காகப் பதிவு செய்த ஒலிநாடா அவர் கைக்கு வந்தது. அதில் ஒரு முதியவர், இயேசுவின் இரத்தம் என்னைக் கைவிட்டதே இல்லை என்று தனியாகப் பாடுகிறார். பியானோவில் வைத்துப் பார்த்தால் சுருதி ஒத்துப்போகிறது! லெஸ்டரில் அந்த வரி திரும்பத் திரும்ப ஓடும்படி நகலெடுக்கப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தாமல் காபி எடுக்கப் போனார். வந்து பார்த்தால் பக்கத்து ஓவிய அறையே அடங்கிக் கிடக்கிறது. சிலர் ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குரலுக்கு அடியில் மெல்ல மெல்ல வாத்தியங்களைச் சேர்த்தார். குரல் அப்படியே இருக்கிறது, தள்ளாடினாலும் உடையாமல். 1993 பதிவு 74 நிமிடம் ஓடும். சரி, நீளம்தான். ஒருமுறை முழுசாகக் கேளுங்கள்.

அந்த முதியவர் இதைக் கேட்காமலே இறந்துபோனார்.