மெதேனை மட்டும் அளந்தால் போதாது

டீசல் மின்பிறப்பாக்கி ஓடும் இடத்தில் காபனீரொட்சைட்டைக் கணக்கிடுவது பெரும்பாலும் பதிவேட்டு வேலை. எரிந்த லீற்றர் தெரிந்தால் போதும். லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிலோகிராம். நெல் வயலிலிருந்து எழும் மெதேன் போன்ற வெப்பமூட்டும் வாயுக்களுக்கு அப்படியொரு பதிவேடு இல்லை; வயலில் இறங்கித்தான் அளக்கவேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமத்து வயல்களில் வேலை செய்யும்போதுதான் அளவீடு என்பது எவ்வளவு பொறுப்பான காரியம் என்று எனக்கு உறைத்தது.

வேலை சொல்லச் சுலபம். வாயுவைப் பிடிக்கும் பெட்டியின் அடிவளையத்தை முன்கூட்டியே சேற்றில் பதித்துவிட்டு, மறுநாள் அதன்மேல் மூடிய பெட்டியைப் பொருத்துவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியால் உள்காற்றை இழுத்துக் குப்பியில் அடைப்போம். ஆய்வுகூடத்தில், வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி மிச்சத்தைச் சொல்லும். ஆனால் சேற்றில் காலை வைத்தால் அடியில் தேங்கிய மெதேன் குமிழ்குமிழாகக் கிளம்பிவிடும், எடுத்த காற்று மாதிரி வீணாகிவிடும். அதனால் வரம்பிலிருந்து பலகை போட்டு அதன்மேல்தான் நிற்பது. நேரமும் முக்கியம். பிற்பகலில் மண் சூடேறி வாயு கூடும். நாளின் சராசரிக்குக் கிட்ட வருவது முற்பகல்தான்.

தண்ணீரை இடைக்கிடை வற்றவிட்டுப் பாய்ச்சினால் மெதேன் வெகுவாகக் குறைகிறது. துளையிட்ட குழாயொன்றை மண்ணில் இறக்கி, நீர்மட்டம் 15 சென்ரிமீற்றர் கீழே போனதும் மறுபடி பாய்ச்சுவது. இதை ஒரு வயற்கார ஐயாவிடம் விளக்கியபோது அவர் உடனே கேட்டார்: "தண்ணி நிண்டாத்தான் தம்பி புல்லு வராது. காயவிட்டா, அடுத்த முறைத் தண்ணி எப்ப வருமெண்டு ஆர் சொல்லுறது?" நியாயமான கேள்வி. மடை திறப்பது அவர் கையில் இல்லை. வாய்க்காலின் கடைக்கோடி வயலுக்கு முறை பிந்தினால் நட்டம் அவருக்குத்தான். முறைத் தண்ணீரை நிச்சயப்படுத்தாமல் வற்றவிடச் சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. மண் காய்ந்து நனையும்போது, அதுவும் யூரியா போட்ட கையோடு, நைதரசு ஒட்சைட்டு என்ற இன்னொரு வெப்பமூட்டும் வாயு திடீரென எழும். நூறு ஆண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைப்போல சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும் என்றால், நைதரசு ஒட்சைட்டு 273 மடங்கு. அந்த எழுச்சி சில நாட்களில் அடங்கிவிடும். வாரம் ஒருமுறை மட்டும் போகிறவர் அதைக் காணாமலே மெதேன் குறைந்தது என்று எழுதிவிடலாம். பசளையிட்ட பிறகும் தண்ணீர் மாறும்போதும் நாள்தோறும் போகவேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். செலவு கூடும், கூடட்டும்.

தம்பலகாமத்து எண்ணை அப்படியே மூதூருக்குக் கொண்டுபோகவும் முடியாது. கொட்டியாரக் குடாவை அண்டி உப்பேறிய மண்ணில் சல்பேற்று இருந்தால் மெதேன் உருவாவது தடைப்படும். அந்தக் கரை வயல்களில் சிறுபோகத்திலும் பெரும்போகத்திலும் இரண்டு வாயுக்களையும் தனியாக அளந்த பிறகே மாவட்டத்துக்கென்று ஓர் எண் எழுதலாம்.